தமிழாசிரியர்கள் கூடி உட்கார்ந்து நூல் படிக்க இரண்டு நாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறப்பை ஒட்டி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிகளைத் திட்டமிடும் காலம் இது. மேல்நிலை வகுப்புத் தமிழாசிரியர்களுக்கான பயிற்சியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னிமலைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டுக்கும் பொதுத் தமிழ் எடுக்கிறேன். கலைப்பிரிவு மாணவர்களுக்குச் சிறப்புத் தமிழும் என் பொறுப்புதான். தறி வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் பள்ளி. அம்மா பாவு ஓட்டப் போயிருப்பார், அப்பா தறியில் இருப்பார், பிள்ளை காலையில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு முதல் மணிக்கு ஓடி வரும். இந்தப் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரமும் சங்கப் பாட்டும் அறிமுகமாகிற ஒரே இடம் எங்கள் வகுப்பறை. பிளஸ் டூ முடித்து வணிகவியலுக்கோ செவிலியர் படிப்புக்கோ போன பிறகு அந்த நூல்களை மறுபடி கையில் எடுக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது சின்ன விஷயமே இல்லை.

2018இல் பதினோராம் வகுப்புக்கும் 2019இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. நல்ல நூல்கள், மனம் திறந்து பாராட்டுகிறேன். நெடுநல்வாடையும் இருக்கிறது, ஈழத்துக் கவிதையும் இருக்கிறது, திரைப்படத்தின் மொழியைப் பற்றித் தனிப்பாடமே இருக்கிறது. பழைய பாடத்திட்டத்தில் எம்.ஏ. முடித்து வந்த எங்களில் பலர் கல்லூரியில் திரைமொழியைப் படித்ததே கிடையாது. பாடநூல் முன்னே போய்விட்டது. அதைக் கற்பிக்கிறவர்களைக் கூட அழைத்துப் போகும் வேலைதான் பாக்கி நிற்கிறது.

நான் கடைசியாகப் போன பயிற்சியைச் சொல்கிறேன். எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். கருத்தாளர்களாக வந்தவர்களும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான், கொடுத்த கட்டகத்தை நேர்மையாக நடத்தினார்கள். காலையில் வருகைப் பதிவு. அப்புறம் வினாத்தாள் வடிவமைப்பு, எந்த இயலிலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்ற பட்டியல். மெல்லக் கற்போரைத் தேர்ச்சி பெறவைக்கும் வழிகள். தேநீர். குழுவாகப் பிரிந்து சார்ட்டில் எழுதி, ஒட்டி, அதன் முன்னால் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். மதியத்துக்கு மேல் கைப்பேசிச் செயலியில் ஒரு தேர்வு. பின்னூட்டப் படிவம். மாலைப் பேருந்து. அந்த நாள் முழுவதும் எந்தச் செய்யுளையும் யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் இதுவா அதுவா என்று யாரும் யாரோடும் வாதாடவில்லை. தமிழாசிரியர்கள் ஒரு மண்டபம் நிறையக் கூடிய நாளில் தமிழ் இலக்கியம் ஒரு மணி நேரம்கூடப் பேசப்படவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தேர்ச்சி முக்கியம்தான். மதிப்பெண் குறைந்தால் கல்லூரி வாசல் மூடிப்போகிற பிள்ளைகளோடு தினமும் இருக்கிறவள் நான். மெல்லக் கற்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கிற பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால் அதை மட்டுமே ஆண்டுக்கு ஆண்டு செய்துகொண்டிருந்தால், பாடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஆசிரியர் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? கடையில் விற்கும் உரைநூலில்தான். பிள்ளை வைத்திருப்பதும் அதே உரைநூல்தான். அவனிடம் இருப்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லையென்றால் அவன் ஏன் என் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை பாடம். மாதவி ஆடிய அரங்கை இளங்கோவடிகள் அளவோடு சொல்கிறார்: இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல், அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். உரைநூலில் இந்த எண்களைக் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். என் வகுப்பில் ஒரு பையன், தறிக்காரர் மகன், எழுந்து கேட்டான்: “டீச்சர், விரல்னா விரலோட நீளமுங்களா, அகலமுங்களா?” தறிக் குழியில் உட்கார்ந்து அளவு பார்த்துப் பழகிய வீட்டிலிருந்து வருகிறவனுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். 

இதற்கு விடை, சிலப்பதிகாரத்துக்குப் பழைய உரை எழுதிய அடியார்க்கு நல்லாரிடம் இருக்கிறது. அணுவில் தொடங்கி எட்டு எட்டாகக் கூட்டிக்கொண்டே வருவார். எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு பெருவிரல். அடுத்த நாள் ஒரு பெண் வீட்டிலிருந்து பிடி நெல் கொண்டுவந்தாள். எட்டு நெல்லை மேசையில் பக்கம் பக்கமாக அடுக்கிப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தோம். ஏறக்குறைய விரலின் அகலத்துக்கு வந்து நின்றது. அப்படியே ஒரு மூங்கில் குச்சியை இருபத்து நான்கு விரலுக்கு வெட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். விளையாட்டு ஆசிரியரிடம் சுண்ணாம்புத் தூள் வாங்கி ஏழுக்கு எட்டு கோடு போட்டார்கள். போட்டு முடித்ததும் எல்லோருக்கும் ஆச்சரியம். “இம்புட்டுத்தானுங்களா? நம்ம கிளாஸ் ரூமை விடச் சின்னது.” ஆமாம், சின்னது. அரசன் உட்கார்ந்து பார்த்த அரங்கம் அவ்வளவு சின்னது. அப்படியானால் பார்க்கிறவர்கள் ஆடுகிறவளின் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்திருப்பார்கள்? கண், புருவம், உதடு எல்லாமே தெரிந்திருக்கும். அதே இயலில்தான், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் வைத்திருக்கிறார்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை என்று எட்டையும் ஒப்பிக்கும் பிள்ளைகள், அன்றைக்கு அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்கள். பாடநூல் ஆக்கியவர்கள் இந்த இரண்டையும் ஏன் அடுத்தடுத்து வைத்தார்கள் என்பது எனக்கே அன்றுதான் முழுதாக விளங்கியது.

இந்த உரைப்பகுதியை எனக்குக் காட்டியது எந்தப் பயிற்சியும் அல்ல. ஈரோட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நாங்கள் ஐயா என்று கூப்பிடுபவர், தம் வீட்டுத் திண்ணையில் எங்களைப் போல் நாலைந்து பேரை உட்காரவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரிவரியாகப் படிப்பார். உ.வே.சா. 1892இல் அரும்பத உரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்துக் கொடுத்தார். அதை இன்னும் நாம் முழுதாகப் படித்து முடிக்கவில்லை என்பார் ஐயா. பணிவிலக்கு கொடுத்து எங்களை யாரும் அங்கே அனுப்பவில்லை, பயணப்படி கிடையாது, சான்றிதழ் கிடையாது. வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எல்லா ஆசிரியைகளாலும் ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் பேருந்து ஏற முடியுமா? முடிகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒன்றாக இது இருக்கக் கூடாது.

எங்கள் பகுதிக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது, அதைத்தான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். அடியார்க்கு நல்லார் கொங்கு நாட்டுக்காரர். நிரம்பை அவர் ஊர். பொப்பண்ண காங்கேயர்கோன் ஆதரவில் உரை எழுதினார். அந்த உரையில் இசை நாடக நூல்கள் என்று ஐந்தைக் குறிப்பிடுவார். அவற்றில் ஒன்றான பஞ்சமரபு வெகுகாலம் வெறும் பெயராகவே இருந்தது. பின்னால் ஏட்டிலிருந்து அதை எடுத்துப் பதிப்பித்தவர் வித்துவான் வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர், அவரும் கொங்குப் பகுதித் தமிழறிஞர். சென்னிமலையிலிருந்து சிறிது தூரத்தில் அரச்சலூர். அங்கே மலைக்குகையில் தமிழ் பிராமி எழுத்தில் ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்தாகத் த, தை, தா, தே என்று பொறித்திருக்கிறார்கள். இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றே போல் வரும். இசைக்கானது என்பார்கள் சிலர், ஆடலுக்கான சொற்கட்டு என்பார்கள் சிலர். அதை வெளிக்கொண்டு வந்த புலவர் செ. இராசு தம் வாழ்க்கையைப் பள்ளித் தமிழாசிரியராகத் தொடங்கியவர் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பள்ளித் தமிழாசிரியரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளியூர் போய்த் தேட வேண்டாம்.

இன்னொரு பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல். சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அது என்பது அறிஞர்கள் முடிவு. கபிலரும் பாடியிருக்கிறார், அரிசில்கிழாரும் பாடியிருக்கிறார், வேலைப்பாடு மிக்க அணிகலன்களுக்குப் பேர்போன ஊராக. அகழ்ந்து பார்த்தபோது சூதுபவளமும் படிகமும் பச்சைக்கல்லும் மணியாகக் கோக்கிற பட்டறைத் தடயங்கள் கிடைத்தன; இரும்பு உருக்கிய அடையாளங்கள் கிடைத்தன; ஆட்பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. விஜயமங்கலத்தைக் கொங்குவேளிரின் ஊர் என்கிறார்கள், பெருங்கதை பாடியவர். இத்தனையும் ஒரு பகல் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும். தமிழாசிரியர்கள் பதிற்றுப்பத்துப் பாடலைக் கொடுமணல் மண்மேட்டில் நின்று படித்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் வகுப்பில் அவர்கள் குரலே வேறாக இருக்கும். சேர அரசர்கள் எங்கோ வஞ்சியில் இருந்தவர்கள் என்று நினைக்கிற பிள்ளையிடம், உன் பாட்டி ஊருக்குப் போகிற வழியில் இருக்கிற இடமப்பா இது என்று சொல்ல முடியும்.

இலக்கண நூலான நன்னூலின் முன்னுரைப் பகுதியில், பொதுப்பாயிரத்தில், ஒரு கணக்கு வரும். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கால்பங்குதான் வரும். உடன் கற்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரை. இந்தக் கணக்கை எங்களுக்கே போட்டுப் பாருங்கள். கல்லூரியில் முதல் காலைப் பெற்றோம். தினமும் வகுப்பெடுப்பதால் அந்த அரையும் வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் உள்ள கால், உடன் பணியாற்றுகிறவர்களோடு நூலைப் பற்றிப் பேசுவது, அதற்குத்தான் இடமில்லாமல் போய்விட்டது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் மேல்நிலைக்கு ஒரே ஒரு தமிழாசிரியர். சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் வேதியியல் ஆசிரியர் இருப்பார்.

நாங்கள் உண்மையிலேயே கூடுகிற ஓர் இடம் உண்டு: பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். மாவட்டத்துத் தமிழாசிரியர்கள் ஒரே கூரையின் கீழ் பல நாள் இருக்கிறோம். முதன்மைத் தேர்வாளர், உதவித் தேர்வாளர்கள், கையில் விடைக்குறிப்பு, கட்டுக் கட்டாகத் தாள். இலக்கிய நயம் பாராட்டுக என்ற வினாவைத் திருத்தும்போது மனம் கனத்துப் போகும். தந்திருக்கும் கவிதை எதுவாக இருந்தாலும் விடை ஒரே மாதிரி. ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை.’ கீழே இரண்டு சொல். ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை.’ கீழே இன்னும் இரண்டு சொல். கவிதை எதைப் பற்றியது, படித்தவனை அது என்ன செய்தது என்பது தாள் தாளாகத் தேடினாலும் இருக்காது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் கற்றுக்கொடுத்த வாய்பாடு அது. எழுதினால் மதிப்பெண் போடுகிறோம். எப்போதாவது ஒரு பிள்ளை அந்த வாய்பாட்டை விட்டுவிட்டு, இந்தக் கவிதையில் மழை வருவதாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மழை கேட்கிறது என்கிற மாதிரி ஒன்றை எழுதிவிடும். அதற்கு எவ்வளவு போடுவது? கூடி விவாதிக்க நேரமில்லை. கட்டு முடிய வேண்டும். அந்தத் தாளைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருந்தால் அந்த மேசையிலிருந்த எல்லோருமே அடுத்த ஆண்டு நயம் பாராட்டலை வேறு விதமாக நடத்தியிருப்போம்.

என் சித்தப்பா மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை. அங்கே பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் இலக்கியம் படிக்கிற ஏ.பி. என்ற பாடம் இருக்கிறதாம். அதன் தேர்வில் மாணவர் முன்பின் பார்க்காத ஒரு கவிதையைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அந்தப் பாடம் எடுக்கிறவர்களுக்குக் கோடையில் குறைந்தது 30 மணி நேரம் நடக்கிற பயிற்சி வகுப்புகள் உண்டு. அவள் போன வகுப்பில் ஆசிரியர்களே அந்தக் கட்டுரையை நேரம் குறித்து எழுதினார்களாம். பிறகு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை வைத்துக்கொண்டு எது ஏன் நன்றாக இருக்கிறது என்று பேசினார்களாம். தேர்வுத் தாள் திருத்தும்போதும் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் சேர்ந்து உட்காருகிறார்கள், முதலில் சில மாதிரி விடைகளைப் படித்து அளவுகோலைப் பேசித் தெளிந்த பிறகே தாளைத் தொடுகிறார்கள் என்றாள். அவர்களுடைய பாடம் வேறு, வசதி வேறு. எல்லாவற்றையும் அங்கிருந்து கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியரே மாணவராக உட்கார்ந்து ஒரு கவிதைக்கு நயம் எழுதிப் பார்ப்பதற்கு என்ன செலவு? ஒரு வெள்ளைத்தாள், முக்கால் மணி நேரம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செய்து பார்த்தோம். ‘பாட்டுக்கு மோனை’ இல்லாமல் எழுதத் தொடங்கவே எங்களுக்குக் கை வரவில்லை. எழுதி முடித்து ஒருவர் எழுதியதை ஒருவர் படித்தபோதுதான், ஒரே கவிதையை நாலு பேர் நாலு விதமாக வாங்கியிருப்பது தெரிந்தது. அதை அப்படியே மறுநாள் வகுப்பில் செய்தோம்.

ஆகவே கல்வித்துறையிடம் கேட்பது இதுதான். மேல்நிலைத் தமிழாசிரியர்களுக்கு ஆண்டில் இரண்டு நாளாவது, நூலைப் படிப்பதற்கென்றே பயிற்சி வையுங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு பாடம் போதும். அரங்கேற்று காதை என்றால் இரண்டு நாளும் அரங்கேற்று காதைதான். மூலமும் உரையும் கையில் இருக்க வேண்டும், திரையில் ஓடும் சிலைடு வேண்டாம். வழிநடத்த அரசுக் கல்லூரிப் பேராசிரியர்களைக் கூப்பிடுங்கள்; ஓய்வுபெற்ற புலவர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் இருக்கும்போதே. இசையும் ஆடலும் வருகிற பகுதிக்குத் தண்ணுமையோ குழலோ தெரிந்த ஒருவரை ஒரு மணி நேரம் அழைத்து வந்தால் எவ்வளவு தெளியும்! பெருந்துறையிலும் திருமூர்த்தி நகரிலும் ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன, இடத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டில் ஒரு பாதி நாளைக் கொடுமணலுக்கோ அரச்சலூருக்கோ ஒதுக்கலாம்.

சிறப்புத் தமிழைப் பற்றித் தனியாக ஒரு வரி. சில பள்ளிகளில் மட்டும் இருப்பதாலேயே அதற்கு யாரும் பயிற்சி பற்றி யோசிப்பதில்லை. ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் மாவட்டங்களைச் சேர்த்து, அந்தப் பாடம் எடுப்பவர்களை ஒரே இடத்தில் கூட்டினால் போதும். தமிழை விரும்பி எடுத்த பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். நாளைக்குத் தமிழாசிரியராக வரப்போகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

பயிற்சிக்கு ஆசிரியரை அனுப்பினால் வகுப்பு போகிறதே என்று தலைமையாசிரியர்கள் கவலைப்படுவார்கள், நியாயம்தான். ஒரே தமிழாசிரியர் உள்ள பள்ளியில் இரண்டு நாள் என்பது எட்டுப் பத்துப் பாடவேளை. அதனால்தான் இதை ஜூன் மாதத் தொடக்கத்தில், பாடம் சூடு பிடிக்கும் முன்னால் வைக்கச் சொல்கிறேன். இப்போதும் பயிற்சிக்கு நாள் ஒதுக்குகிறார்கள். புதிதாக நாள் கேட்கவில்லை, அந்த நாளில் என்ன செய்வது என்பதைத்தான் மாற்றச் சொல்கிறேன். தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. எந்தக் கொள்கையின்படி எத்தனை மணி நேரம் என்பதில் நான் நுழையவில்லை. இருக்கிற நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை நூலுக்குக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் முதல் நாள் காலை ஒரு மணி நேரத்தை, நயம் பாராட்டலுக்கும் கட்டுரைக்கும் வந்த நாலைந்து விடைகளைப் பெயர், பதிவெண் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து படித்துப் பேச ஒதுக்க முடியுமா என்று தேர்வுத்துறையும் பார்க்க வேண்டும். திருத்துவதில் சீர்மையும் வரும், பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் கொங்குப் பகுதித் தமிழாசிரியர்களிடம் ஒன்று. அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரிலும் ஓர் ஓய்வுபெற்ற ஐயாவோ அம்மாவோ இருப்பார். ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எங்கள் கூட்டத்தில் அடுத்து நெடுநல்வாடையை எடுக்கிறோம். காங்கேயம், பெருந்துறை, ஊத்துக்குளிப் பக்கம் இருக்கிறவர்கள் விருப்பமிருந்தால் உங்கள் நாளிதழ் வழியாக எழுதட்டும்; ஆசிரியர் அவர்கள் அந்தக் கடிதங்களை எனக்கு அனுப்பிவைத்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
முதுகலைத் தமிழாசிரியை,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்.